பார்வைக்குப் பொருந்துவது பாதைக்குப் பொருந்துமா?

ஓட்டமாவடியிலோ வாழைச்சேனையிலோ ஒருவர் பத்துப் பதினைந்து வருடங்கள் பழைமையான காரொன்றைக் கராஜில் உயர்த்திப் பார்க்கும்போது, பின் சில்லுகளுக்கு இடையில் குறுக்காகக் கிடக்கும் இரும்புச் சட்டம் துருப்பிடித்து உதிர்ந்து கொண்டிருப்பதைக் காண்பது இப்போது புதினமானதல்ல. அந்தச் சட்டத்தையே மெக்கானிக்குகள் சப் பிரேம் என்கிறார்கள். புதியதை வாங்கக் கட்டுப்படியாகாது. அதே மாதிரிக் காரின் பழைய சப் பிரேமும் உடனே அகப்படாது. அப்போதுதான், "இது வேறு மொடலினுடையது, ஆனாலும் பூட்டலாம்" என்ற வார்த்தை வருகின்றது. அந்த வார்த்தையை நம்பலாமா, எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இக்கட்டுரையின் விடயமாகும்.

இந்தக் கேள்வி இன்று கூர்மையடைந்திருப்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியின்போது டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை சென்றது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களின் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டதாயினும், அதிக வரிகளின் காரணமாகப் புதிய வாகனம் சாதாரண குடும்பமொன்றின் கைக்கு எட்டாததாகவே இருக்கின்றது. ஆகவே, முன்பென்றால் விற்றுத் தள்ளிவிட்டிருக்கக்கூடிய வண்டிகளை மக்கள் திருத்தித் திருத்தி ஓட்டுகின்றனர். இதில் குறை காண ஏதுமில்லை. ஒரு பொருளை அதன் ஆயுள் உள்ளவரை பயன்படுத்துவது விரயம் செய்வதிலும் மேலானதேயாகும். ஆனால், எதைத் திருத்துகிறோம் என்பதை விளங்கிக்கொண்டு திருத்த வேண்டும்.

பழைய லொறிக்கும் ஜீப்புக்கும் நீண்ட இரும்புச் செஸி உண்டு. உடல் அதன் மேல் அமர்ந்திருக்கும். இன்றைய கார்களுக்கு அத்தகைய செஸி கிடையாது. தகடுகளை அழுத்தி ஒட்டிய உடலே வண்டியின் எலும்புக்கூடாகும். அந்த உடலின் பின்பகுதியில், பெரும்பாலும் நான்கு இடங்களில், தடித்த போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும் தனிச் சட்டமே பின் சப் பிரேம். பின் சில்லுகளைப் பிடித்திருக்கும் கைகள் அதில்தான் பூட்டப்பட்டுள்ளன. நான்கு சில்லுகளும் இயங்கும் வண்டியாயின் பின் டிஃபரன்ஷியலும் அதில் தொங்கும். சில வண்டிகளில் சுருள்வில்லும் அதன் மேலேயே அமரும். பிரேக்கை அழுத்தும்போதும் வளைவில் திரும்பும்போதும் பின் சில்லுகள் உடலைத் தள்ளுவதும் இழுப்பதும் இந்தச் சட்டத்தினூடாகவே நிகழ்கின்றன.

எல்லாக் கார்களிலும் இது இருக்கின்றதென எண்ணிவிடக் கூடாது. நம் வீதிகளில் அதிகமாக ஓடும் விட்ஸ், அக்ஸியோ, அக்வா போன்ற முன்சில்லு இயக்கக் கார்களின் பின்புறத்தில் டோர்ஷன் பீம் எனப்படும் முறுக்கு அச்சு ஒன்றே உண்டு; தனியாகச் சப் பிரேம் இல்லை. டொல்பின் வேன்களுக்கோ தகட்டுவில்லும் முழு அச்சும்தான். பிரியஸ் காரை எடுத்துக்கொண்டால் விடயம் இன்னும் தெளிவாகும். 2009 இல் வந்த 30 ஆம் வகைப் பிரியஸில் முறுக்கு அச்சு; 2015 இல் வந்த 50 ஆம் வகையில் தனித்தனிக் கைகளும் அவற்றைத் தாங்கும் சப் பிரேமும். பெயர் ஒன்றே, அடிப்பகுதி முற்றிலும் வேறு. "பிரியஸ் சாமான்" என்று மட்டும் சொல்லி வாங்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

துரு ஏன் இந்த இடத்தைத் தேடி வருகின்றது? சப் பிரேம் பெரும்பாலும் உள்ளே வெற்றிடமுள்ள பெட்டி வடிவிலானது. சில்லு வாரியிறைக்கும் சேறும் நீரும் அதன் துளைகளினூடாக உட்புகுகின்றன. நீர் வடிவதற்கென வைக்கப்பட்ட துளைகளைச் சேறு அடைத்துவிட்டால், ஈரம் மாதக்கணக்கில் உள்ளேயே தங்கும். அதனுடன் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வாழைச்சேனைக் களப்பும் கல்குடாக் கடலும் அருகிலுள்ள ஓட்டமாவடிப் பிரதேசத்தில் காற்றே உப்பைச் சுமந்து வருகின்றது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வீதிகளை மேவிப் பாயும் வெள்ளத்தினூடாக வண்டிகள் செல்கின்றன. பின்னர் அவை கழுவப்படுவதும் பல இடங்களில் உவர்ப்பான கிணற்று நீரினாலேயே. ஒரு காலத்தில் ரயிலும் வாகனங்களும் மாறி மாறிச் சென்ற பழைய ஓட்டமாவடி இரும்புப் பாலத்தை அறிந்தவர்களுக்கு, உப்புக் காற்றில் இரும்பைக் காப்பது எத்தகைய ஓயாத வேலை என்பதைச் சொல்லித் தெரியவைக்க வேண்டியதில்லை. பாலத்தின் துருவாவது கண்ணுக்குத் தெரியும். சப் பிரேம் உள்ளிருந்து உக்குகின்றது. வெளியே கறுப்பு வர்ணம் மினுங்கிக் கொண்டிருக்கும்.

சிலர் துருவுக்கு மருந்தாகக் கழிவு எண்ணெயை அடியில் தெளிக்கின்றனர். அது இரும்புக்குச் சிறிது காலம் உதவினாலும் சப் பிரேமுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள இறப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். துருவைச் சுரண்டாமல் அதன்மேல் தார்ப் பூச்சுப் பூசுவதும் அவ்வாறானதே. ஈரம் உள்ளே சிறைப்பட்டுவிடும்.

சப் பிரேம் துருப்பிடித்தல் என்றவுடன் வாகன உலகம் முதலில் நினைப்பது மினி காரைத்தான். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1959 இல் பிரித்தானியாவில் வெளிவந்து, 2000 ஆம் ஆண்டு வரை 53 இலட்சத்துக்கும் அதிகமாக உற்பத்தியான அந்தச் சிறிய கார் இலங்கையிலும் ஏராளமாக ஓடியது. ஆரம்ப முன்மாதிரிகளில் சில்லுக் கைகளை உடலிலேயே நேரடியாகப் பூட்டிப் பார்த்தபோது தகடுகளில் வெடிப்புகள் தோன்றின. அதனாலேயே முன்னும் பின்னும் தனிச் சட்டங்கள் கொடுக்கப்பட்டன. அந்தப் பின் சட்டம் சேற்றையும் நீரையும் தேக்கிவைத்து உக்கிப்போவது பிற்காலத்தில் மினியின் தீராத நோயாயிற்று. அதை மாற்றுவது மினி திருத்துவோரின் அன்றாட வேலையாயிற்று.

மினி நமக்குக் கற்றுத் தருவது அதுமட்டுமன்று. தொடக்கத்தில் அதன் வில்லாக இருந்தது இறப்பர்க் கூம்பு. 1964 இல் அதற்குப் பதிலாகத் திரவத்தால் இயங்கும் ஹைட்ரோலாஸ்டிக் முறை பொருத்தப்பட்டது. சில ஆண்டுகளின் பின் மீண்டும் இறப்பருக்கே திரும்பினர். திரவ முறை மினியின் முன் சில்லும் பின் சில்லும் குழாயொன்றினால் இணைக்கப்பட்டிருந்தன. தனியான ஷொக் அப்சோபர்கள் அதற்கு இல்லை. இரண்டு மினிகளையும் அருகருகே நிறுத்தினால் வெளித்தோற்றத்தில் வேறுபாடு காண்பது கடினம். ஆயினும் ஒன்றின் சப் பிரேமை மற்றதில் வைப்பதாயின், சட்டத்தை மட்டுமன்றி வில் முறை முழுவதையுமே மாற்ற வேண்டியிருக்கும். ஒரே பெயரும் ஒரே உடலும் கொண்ட காருக்குள்ளேயே இந்த நிலை என்றால், வேறு மொடலிலிருந்து எடுப்பதைப் பற்றி எவ்வளவு யோசிக்க வேண்டும்?

துருவை அலட்சியம் செய்வதன் விலையைப் பெரிய நிறுவனங்களே கொடுத்திருக்கின்றன. பனியைக் கரைக்க வீதியில் உப்புத் தூவும் அமெரிக்க மாநிலங்களில், 2007 முதல் 2011 வரையான ஹொண்டா சீ.ஆர்.வி. வண்டிகள் ஏறத்தாழ 5 இலட்சத்து 64 ஆயிரம் 2023 மார்ச்சில் திருப்பி அழைக்கப்பட்டன. பின்பக்கச் சட்டம் துருப்பிடித்து, சில்லைத் தாங்கும் கை கழன்றுவிடும் அபாயமே காரணம். 2010 இல் போர்ட் நிறுவனம் தனது வின்ட்ஸ்டார் வேன்களைப் பின் அச்சு துருவினால் முறியும் அபாயத்துக்காகத் திருப்பி அழைத்தது. டொயோட்டா 2008 இல் பழைய டகோமா பிக்கப் வண்டிகளின் துருப்பிடித்த செஸிகளுக்காக உத்தரவாதத்தை 15 வருடங்களாக நீடித்ததுடன், மோசமானவற்றைச் சந்தை விலையின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் தானே திரும்ப வாங்கியது. நமது பிரதேசத்தில் பனியுமில்லை, வீதியில் உப்பும் தூவுவதில்லை. ஆனால் களப்போரத்துக் காற்றுக்கு ஓய்வுநாள் கிடையாது.

இனி மாற்றுச் சட்டத்தைப் பற்றிப் பார்ப்போம். கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ வேறு உதிரிப்பாகக் கடைகளிலோ கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை ஜப்பானில் கழிக்கப்பட்ட வண்டிகளிலிருந்து வருபவை. ஜப்பானிய இறக்குமதி என்றாலே சுத்தமானது என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கின்றது. ஹொக்கைடோ போன்ற பனி மிகுந்த வடபகுதிகளில் அங்கும் வீதிகளில் உப்பு வகைகள் தூவப்படுகின்றன என்பதைப் பலர் அறியார். அங்கு பத்துக் குளிர்காலங்களைக் கண்ட சட்டம், களப்போரத்தில் ஓடிய வண்டியினதைவிட மோசமாக இருக்கலாம். புதிதாக அடித்த கறுப்பு வர்ணத்தை நம்பாமல், சிறு சுத்தியலால் நீளத்துக்கும் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உக்கியது மொத்தென்று விழும். ஒட்டு ஓரங்களையும் புஷ் அமரும் வளையங்களையும் கூரிய ஆயுதத்தால் குத்திப் பார்க்கவும் தயங்கக் கூடாது. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வேறு மொடலின் சட்டம் சில வேளைகளில் உண்மையாகவே பொருந்தும். உற்பத்தியாளர்கள் செலவைக் குறைப்பதற்காக ஒரே அடித்தளத்தின் மீது பல மொடல்களைக் கட்டுகின்றனர். உற்பத்தியாளரே இரு மொடல்களுக்கும் ஒரே உதிரிப்பாக இலக்கத்தைக் கொடுத்திருந்தால் அது வேறு மொடலின் சாமான் அன்று, அதே சாமானேயாகும். தயக்கமின்றிப் பூட்டலாம். டொயோட்டாவின் உதிரிப்பாக இலக்கத்தில் முதல் 5 இலக்கங்கள் அது என்ன பாகம் என்பதையும், அடுத்த 5 இலக்கங்கள் எந்த வண்டிக்கானது என்பதையும் குறிக்கின்றன. முதல் ஐந்து மட்டும் ஒத்திருப்பதைக் காட்டி "நம்பர் சரி" என்று சொல்லப்பட்டால் ஏமாந்துவிடக் கூடாது. தன் வண்டியின் செஸி இலக்கத்தைக் கொடுத்து உதிரிப்பாகப் பட்டியலில் பார்க்கச் சொல்வதே முறையாகும்.

ஆனால், அடித்தளம் ஒன்று என்பதால் சட்டமும் ஒன்று என்றாகிவிடாது. 50 ஆம் வகைப் பிரியஸும் சீ.எச்.ஆர். வண்டியும் ஒரே அடித்தளத்தில் பிறந்தவை. ஆயினும் முன் பின் சில்லுகளுக்கு இடையிலான தூரம் முன்னதில் 2,700 மில்லிமீற்றர், பின்னதில் 2,640 மில்லிமீற்றர், உயரமும் வேறு. சில்லுகளின் அகலம், வில்லின் விறைப்பு, கைகள் பூட்டப்படும் துளையின் உயரம் என்பன அந்தந்த வண்டியின் பாரத்துக்கேற்ப அமைக்கப்படுவன. நான்கு சில்லு இயக்க வண்டியின் சட்டத்தை இரு சில்லு இயக்க வண்டியில் ஏற்றும்போது, டிஃபரன்ஷியலுக்கென விடப்பட்ட இடம் வெறுமையாகவும், எரிபொருள் தாங்கியும் புகைக்குழாயும் செல்ல வேண்டிய இடம் அடைபட்டும் போகலாம்.

நான்கு போல்ட்டுகளும் துளைகளும் நேராக வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுவதுதான் இதில் மிகப் பெரிய தவறாகும். ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். சட்டத்தின் இடது வலது போல்ட்டுகளுக்கு இடையில் 900 மில்லிமீற்றர் தூரம் என வைத்துக்கொள்வோம். ஒரு பக்கம் 5 மில்லிமீற்றர் முன்னுக்கு நகர்ந்து அமர்ந்துவிட்டது. கண்ணுக்கு அது ஒன்றுமேயில்லை. ஆனால் பின் சில்லுகள் இரண்டும் ஒரு பாகையின் மூன்றிலொரு பங்கு அளவுக்குச் சரிந்து நோக்குகின்றன. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 2,600 மில்லிமீற்றர் தூரமுள்ள வண்டியில், அது 14 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பக்கவாட்டு விலகலாகின்றது. வண்டி நண்டைப்போல் ஓரச்சாய்வாகச் செல்லத் தொடங்கும். நேர்வீதியில் ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்பியே பிடிக்க வேண்டிவரும். டயர் ஒரு புறமாகத் தேயும். சாரதி இதற்குப் பழகிப்போவார் என்பதுதான் ஆபத்து. பொலன்னறுவை வீதியில் மழைநேரத்தில் திடீரெனப் பிரேக் பிடிக்கும்போதே அந்தச் சாய்வு தன் வேலையைக் காட்டும்.

பிரேக்கின் விடயம் இன்னும் பாரதூரமானது. மாற்றுச் சட்டத்துடன் அந்த மொடலின் பின் பிரேக்கும் சேர்ந்து வருவதுண்டு. "டிரம் இருந்த இடத்துக்கு டிஸ்க் வந்திருக்கின்றது, இன்னும் நல்லதுதானே" என்று சிலர் மகிழ்வர். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கின்றது. பின் சில்லுகள் இலேசாகின்றன. அதனால் பின் பிரேக்கின் பலம் முன் பிரேக்கைவிடக் குறைவாகவே இருக்க வேண்டுமெனக் கணக்கிட்டு அமைக்கப்படுகின்றது. பலம் கூடிய பின் பிரேக்கைக் கொண்டுவந்து பூட்டினால், பின் சில்லு முதலில் இறுகி வழுக்கும், வண்டி சுழன்றுவிடும். பிரேக் எண்ணெய்க் குழாய் நீளம் போதாமல் இழுபட்டிருப்பதும், ஹேண்ட் பிரேக் கேபிள் வலிந்து வளைக்கப்பட்டிருப்பதும், ஏ.பி.எஸ். உணரியின் பல்லெண்ணிக்கை மாறுபடுவதும் இத்தகைய மாற்றங்களில் வரக்கூடிய ஏனைய கோளாறுகளாகும்.

துளை சற்று விலகியிருந்தால் அதை நீளமாக்கிக் கொள்வதும், தாங்கியை வெட்டி வேறிடத்தில் ஒட்டுவதும் சில கராஜ்களில் திறமையாகவே கருதப்படுகின்றன. நமது மெக்கானிக்குகளின் கைத்திறனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. இல்லாத சாமானை உண்டாக்கிக் காட்டும் அவர்களது ஆற்றலினால்தான் யுத்த காலத்திலும் இங்கு வாகனங்கள் ஓடின. ஆயினும் இந்த இடத்தில் கைத்திறன் போதாது. போல்ட் தாங்குவது தன் தண்டினால் மட்டுமன்று. இரு இரும்புகளை ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிப்பதனாலாகும். நீட்டப்பட்ட துளையில் அந்தப் பிடி குறைந்து, குழியில் விழும் ஒவ்வொரு தடவையும் சட்டம் சிறிது சிறிதாக நகரும். ஒட்டும்போது ஏற்படும் வெப்பமோ அழுத்தத் தகட்டின் உறுதியைக் குலைப்பதுடன், பெட்டியின் உட்புறப் பூச்சையும் எரித்துவிடுகின்றது. துரு அடுத்த மழைக்காலத்தில் அங்கிருந்தே புறப்படும்.

செய்வதென்றால் எப்படிச் செய்ய வேண்டும்? பழைய சட்டத்தைக் கழற்றுமுன் அது உடலில் அமர்ந்திருந்த இடத்தைச் சுற்றிக் கோடிட்டுக் கொள்ள வேண்டும். பழையதையும் புதியதையும் நிலத்தில் அருகருகே வைத்து, போல்ட் துளைகளின் இடைவெளிகளைக் குறுக்கும் மூலைவிட்டமும் அளந்து ஒப்பிட வேண்டும். இது ஒரு மணித்தியால வேலைதான். இதைச் செய்ய மறுப்பவரிடம் வண்டியைக் கொடுக்காதிருப்பதே நல்லது. சட்டம் பூட்டப்படும் உடலின் பகுதி உறுதியாக உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். அங்கே உக்கியிருந்தால் எவ்வளவு நல்ல சட்டத்தை வாங்கிப் பூட்டினாலும் பயனில்லை. போல்ட்டுகளைப் புதிதாக வாங்கி, குறிக்கப்பட்ட அளவுக்கு அளவுத் திருகியினாலேயே இறுக்க வேண்டும். சில்லுக் கைகளின் இறப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி உயர்த்தப்பட்டுச் சில்லுகள் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி இறங்கியதும் இறப்பர் முறுகிய நிலையிலேயே நின்று சில மாதங்களில் கிழியும். பாரம் சில்லுகளின் மேல் நிற்கும்போதே அவற்றின் கடைசி இறுக்கம் நடைபெற வேண்டும். அதன் பின்னர் நான்கு சில்லுகளுக்குமான அலைன்மென்ட். முன் சில்லுகளுக்கு மட்டும் பார்த்துத் துண்டு கொடுப்பது இங்கு பயனற்றது. சில நூறு கிலோமீற்றர் ஓடிய பின்னர் எல்லா போல்ட்டுகளையும் மீண்டும் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் பக்கமும் ஒன்றுண்டு. இலங்கையில் மோட்டார் வாகனங்களை ஆள்வது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமாகும். பஸ், லொறி போன்றவற்றுக்கு வருடாந்தத் தகுதிச் சான்றிதழ் கேட்கப்படுகின்றது. ஆனால், தனியார் காருக்கு வருமான அனுமதிப்பத்திரம் பெறுவதற்காக 2008 முதல் நடைமுறையிலிருக்கும் புகைப் பரிசோதனை, பெயருக்கேற்பப் புகையைத்தான் பார்க்கின்றது. வண்டியை உயர்த்தி அடியைப் பார்ப்பது அதன் வேலையன்று. எஞ்சின் நன்றாக இருந்தால், சப் பிரேம் பிளந்த காரும் அந்தப் பரிசோதனையில் சித்தியடைந்துவிடும். சுற்றாடலைக் காக்கும் பரிசோதனை வேண்டாமென நாம் கூறவில்லை. ஆனால், வருடந்தோறும் ஒவ்வொரு காரும் ஓரிடத்துக்கு வருகின்றதென்றால், அங்கேயே ஐந்து நிமிடம் அதன் அடியையும் பார்த்துவிடுவதற்கு ஒழுங்கு செய்வதில் என்ன சிரமம் இருக்க முடியும்? குறைந்தபட்சம் பத்து வருடங்களைத் தாண்டிய வண்டிகளுக்காவது அது வேண்டும்.

அத்தகைய ஒழுங்கு வரும்வரை இந்தப் பொறுப்பு விற்பவரின் மனச்சாட்சியிலேயே தங்கியிருக்கின்றது. சப் பிரேம் மாற்றப்பட்ட கார் கைமாறும்போது, வாங்குபவர் பெரும்பாலும் உட்பகுதியின் துப்புரவையும் எஞ்சினின் சத்தத்தையும் பார்த்துத் திருப்தியடைகிறார். பொருளின் குறையை மறைத்து விற்பது ஆகாது என்பதை நமது பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் கேட்டு வளர்ந்த சமூகங்கள் நாம். வேறு மொடலின் சட்டம் பூட்டப்பட்டதென்ற உண்மை, அது நன்றாகப் பூட்டப்பட்டிருந்தாலும்கூட, வாங்குபவருக்குச் சொல்லப்பட வேண்டிய ஒன்றாகும். விபத்தொன்று நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கேள்வியெழுப்பவும் இடமுண்டு என்பதால் அவர்களுக்கும் எழுத்தில் அறிவித்துவிடுவது நன்று. கராஜ்காரர் கொடுக்கும் பற்றுச்சீட்டில் "பின் வேலை" என்று இரு சொற்களில் முடித்துவிடாமல், பூட்டப்பட்ட சட்டம் எந்த வண்டியிலிருந்து எடுக்கப்பட்டது, அதன் உதிரிப்பாக இலக்கம், பூட்டிய திகதி, அப்போது மீற்றரில் இருந்த கிலோமீற்றர், அலைன்மென்ட் அளவுகள் ஆகியவற்றை எழுதி வாங்கி, வண்டியின் புத்தகத்துடன் சேர்த்து வைத்திருக்க வேண்டும்.